எட்டாம் இடத்து ஆவுடையப்பன்

எங்கள் ஊரில் ஒன்பது பேர் சரியான வரிசையில் கைகோத்து ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அந்த வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் இறங்கும். நான் அந்த ஒன்பது பேரில் மூன்றாவது ஆள். பெயர் தங்கபுஷ்பம். பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன்.

பேரூராட்சி அலுவலகத்தின் பின்கட்டில் எங்கள் பிரிவு இருக்கிறது. பெயர்ப்பலகையில் பெப்டைடுப் பிரிவு என்று எழுதியிருக்கும். ஊரில் எல்லோரும் சின்னச் சங்கிலி ஆபீஸ் என்பார்கள். நூறு பேர், முந்நூறு பேர் என்று கைகோத்துச் சுருண்டு மடிந்து நிற்கிற பெரிய சங்கிலிகள் எல்லாம் மாவட்டத் தலைநகரில் இருக்கின்றன. எங்களிடம் இருப்பவை இரண்டு பேரில் தொடங்கிப் பதினோரு பேரோடு முடிந்துவிடும். மூன்று பேர் சங்கிலி வீடு வீடாகப் போய்த் துரு எடுக்கும். ஐந்து பேர் சங்கிலி, அடிபட்டுக் கிடக்கிறவர் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வரும், வலி குறைந்திருக்கும். எட்டுப் பேர் சங்கிலி போகிற இடத்தில் ரத்த அழுத்தம் ஏறும். அவர்களை யாரும் உட்காரச் சொல்வதில்லை. ஆனால் தலைசுற்றி விழுகிறவர்கள் வீட்டுக்கு அவர்கள் போய்த்தான் ஆக வேண்டும்.

ஊர்க்காரர்கள் மொத்தம் இருபது வகை. யார் எந்த வகை என்பது பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கும். எங்கள் சங்கிலியில் முதல் ஆளும் ஆறாவது ஆளும் ஒரே வகை. இருவர் மேலும் தீக்குச்சி உரசிய வாசனை அடிக்கும். நடுவில் நாலு பேர் நின்றாலும் முதல் ஆள் எட்டிப்போய் ஆறாவது ஆளின் தோளைப் பிடித்துக்கொள்வார். அதனால் எங்களில் ஆறு பேர் வட்டமாகவும் மிச்ச மூன்று பேர் வால் போலவும் நிற்போம். ஏழாவது ஆள் எங்கே நின்றாலும் சங்கிலி அந்த இடத்தில் வளைந்துகொள்ளும். ஒன்பதாவது ஆள் நூல் மாதிரி ஒல்லி. அவருடைய வெறும் கையில் ஒரு துணியைச் சுற்றிவிடுவோம். சுற்றாமல் போனால் கதவு திறக்காது. எட்டாவது ஆள் ஆவுடையப்பன் அண்ணாச்சி.

பிள்ளை மார்பில் வாய் வைத்தவுடன் அதன் மனு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும். சூப்பிரண்டு மேசைமேல் ஈரமாக ஒரு தாள் கிடக்கும். அவர் முத்திரை போடுவார், நாங்கள் கிளம்புவோம். நாள் தள்ளிப்போய் வலி எடுக்காதவர்களிடமும் நாங்கள்தான் போவோம். அதற்கு வேறு பதிவேடு. எங்கே போனாலும் உள்ளே நின்ற ஐந்தாவது நிமிடம் எஸ்தர் வந்துவிடுவாள். அவள் வெட்டுகிறவள். முதல் ஆளிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு மணிக்கட்டாகத் தொட்டுக்கொண்டே வருவாள், கைகள் பிரிந்துவிடும். கலெக்டர் வீடாக இருந்தாலும் ஆறாவது நிமிடம் தர மாட்டாள். அவள்மேல் யாருக்கும் வருத்தம் கிடையாது.

ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பருத்த உடம்பு. மழையில் நடந்து வந்தால் தண்ணீர் அவர்மேல் நிற்காது, உருண்டு ஓடிவிடும். முப்பத்தொரு வருடமாக எட்டாம் இடத்தில் இருந்தார். ஊரில் முப்பது வயதுக்குள் இருக்கிற எல்லோரும் அவர் கை பட்டு இறங்கிய பாலைக் குடித்தவர்கள், ஒருத்தியைத் தவிர. அது அவருடைய மகள் கோமு.

கோமு பிறந்தபோது பால் இறங்கவில்லை. காரணம் சாதாரணமானது. சொந்த வீட்டுக் கதவு அவரை எட்டாவது ஆளாகப் பார்க்கவில்லை, வீட்டுக்காரராகப் பார்த்தது. எட்டுப் பேரும் ஒரு வீட்டுக்காரரும் கைகோத்து நின்றால் ஒன்றும் நடக்காது. கோமு புட்டிப் பாலில் வளர்ந்தாள். நன்றாகத்தான் வளர்ந்தாள். ஆனால் அவளுடைய அம்மா, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள். கோமுவுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அந்த அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு மகளுக்குத் தலைபின்னிவிட்டது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது, கல்யாணத்துக்குப் புடவை எடுத்தது எல்லாம் அண்ணாச்சிதான்.

கோமுவின் கணவன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். தலைப்பிரசவத்துக்கு அவள் அப்பா வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. ஐந்தாம் நாள் காலையில்தான் பிள்ளை சரியாக வாய் வைத்தது, ஈரத்தாள் வந்தது. சூப்பிரண்டு வழக்கம்போல முத்திரையைப் போட்டுவிட்டுத்தான் முகவரியைப் படித்தார்.

"இது உம்ம வீடுல்லா?" என்றார்.

"ஆமா," என்றார் அண்ணாச்சி.

கோமு பிறந்ததற்குப் பிறகு எட்டாம் இடத்துக்கு மாற்று ஆட்களை வைத்தார்கள். அந்த வகை ஆட்களை உடற்பயிற்சிக் கூடங்கள் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டன. தசை வளர அவர்கள்தான் வேண்டுமாம். எங்கள் கடைசி மாற்று ஆள் போன தை மாதம் திருநெல்வேலிக்குப் போனார். இப்போது ஒருவருடைய வலது புஜத்தில் இருக்கிறார். லீவு கிடைப்பதில்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. பக்கத்து மேசை.

பக்கத்து மேசை தண்ணீர்ச் சங்கிலியுடையது. அதுவும் ஒன்பது பேர்தான், எங்கள் வகை ஆட்கள்தான். மூன்றாம் இடமும் எட்டாம் இடமும் மட்டும் வேறு. அவர்கள் நுழைந்துவிட்டுப் போன வீட்டில் யாருக்கும் லேசில் ஒன்றுக்கு வராது. சென்னைக்குப் பஸ் ஓட்டுகிறவர்கள், கல்யாண மேடையில் உட்காரப் போகிறவர்கள் எல்லாம் அங்கே மனு கொடுப்பார்கள். அந்தச் சங்கிலியின் எட்டாவது ஆள் ஞானதிரவியம். கல்யாணம் ஆகாதவர். அவர் கையைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். அதனால் ஊரில் யாரும் அவருக்குக் கை கொடுப்பதில்லை. டீக்கடையில்கூட டம்ளரை அவர் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்துவிடுவார்கள். அவருடைய சங்கிலியில் ஏழாவது ஆளும் ஒன்பதாவது ஆளும் கையில் பழந்துணி சுற்றிக்கொண்டுதான் அவரைப் பிடிப்பார்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், எல்லோரும் இருக்கும்போது, அண்ணாச்சி அவரைப் பார்த்து, "ஒன் கையப் புடிச்சா பால் திரிஞ்சிரும்டே," என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு மேசைக்கும் நடுவே நாலடி தூரம் இருக்கும். அண்ணாச்சி எழுந்து அதைக் கடந்து போய் நின்றார்.

"ஞானம்."

ஞானதிரவியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கவில்லை. "சொல்லுங்க."

"எம் மவளுக்குப் பால் எறங்கல."

"என் கையப் புடிச்சா திரிஞ்சிரும்னு சொன்னீய."

"சொன்னேன். சொல்லிருக்கக் கூடாது."

ஞானதிரவியம் டிபன் பாக்ஸை மூடினார். அதில் இருந்த ரெண்டு இட்லியும் அப்படியே இருந்தன. கையைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய் வாசலில் நின்றார்.

அண்ணாச்சி தெருவிலேயே மின்கம்பத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார். நாங்கள் எட்டுப் பேர், ஞானதிரவியத்தோடு ஒன்பது பேராகப் போனோம். எங்கள் ஏழாவது ஆள் கையில் துணி சுற்றப் போனார்; பிறகு என்ன நினைத்தாரோ, வெறும் கையாலேயே பிடித்தார். கதவு பாதி திறந்தது. கோமு கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளை அழுது அழுது குரல் கம்மிப்போய்க் கிடந்தது.

நாங்கள் நின்ற இரண்டாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் ஆறும் முட்டையிட்டன. ஒன்று நடந்துகொண்டே இட்டது. கொல்லையில் கிணற்றுத் தவளைகள் எல்லாம் மேலே ஏறி வந்து சுற்றுச்சுவரில் வரிசையாக உட்கார்ந்தன. எதிர்வீட்டுக் கூண்டில் இருந்த கிளியை ஆண் என்று சொல்லி விற்றிருந்தார்கள். அதுவும் ஒரு முட்டை இட்டது. கோமுவின் ரவிக்கையில் மிளகு அளவுக்கு இரண்டு ஈரப்பொட்டுகள் தெரிந்தன. அவ்வளவுதான். பிள்ளை நக்கிப் பார்த்துவிட்டு முன்னைவிட அதிகமாக அழுதது. எஸ்தர் வந்து கைகளைப் பிரித்துவிட்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் சூப்பிரண்டு பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தார். "மூணாம் இடத்துல நம்ம ஆளு, எட்டாம் இடத்துல அவுக ஆளு. இது பழைய வரிசை," என்றார். "ஊர்ல மனுசங்க குடியேறுததுக்கு முந்தி மீனும் தவளையும் பறவையும் மட்டும் இருந்த காலத்துல இதான் நடைமுறை. இதுக்கு அதுகதான் கேக்கும்."

ஞானதிரவியம் தன் மேசைக்குப் போய் டிபன் பாக்ஸைத் திறந்தார். சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் நான் கோமுவைப் பார்க்கப் போனேன். டாக்டர் சொன்னபடி பவுடர் பால் கலக்கிப் பாலாடையில் கொடுத்திருந்தார்கள். பிள்ளை பாதியைக் குடித்துப் பாதியைக் கக்கியிருந்தது. அண்ணாச்சி அடுப்படியில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கிட்டதான் கோளாறு அத்தை," என்றாள் கோமு, சுவரைப் பார்த்துக்கொண்டே.

"அப்படியெல்லாம் இல்ல. கதவோட பிரச்சனை."

"எல்லாரும் அதத்தான் சொல்லுதாக. எங்க அம்மாவும் இந்தக் கட்டில்ல இப்படித்தான் செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடப்பா. நான் பக்கத்துல போனா மொகத்தக் காட்ட மாட்டா. எனக்கு அஞ்சு வயசு, ஆறு வயசு இருக்கும். எம்மேல கோவம்னு நெனச்சுக்கிடுவேன்." "நானும் இவள அப்படிப் படுத்திருவனோன்னு இருக்கு."

அவள் இடது கைப் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கி வைத்திருந்தாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணாச்சி கையில் வெந்நீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அதைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஏழாம் நாள் காலையில் அவர் தாலுகா அலுவலகத்துக்குப் புறப்பட்டார். சாட்சிக்கு நானும் போனேன். தற்காலிக உறவு விலக்குக்கு அங்கே ஒரு படிவம் இருக்கிறது. எந்த உறவு, எவ்வளவு நேரம், என்ன காரணம் என்று மூன்று கட்டங்கள். அண்ணாச்சி முதல் கட்டத்தில் 'அப்பா' என்றும், இரண்டாவதில் 'ஐந்து நிமிடம்' என்றும், மூன்றாவதில் 'பால்' என்றும் எழுதினார்.

சன்னலுக்கு உள்ளே இருந்த அம்மாள் அதை வாங்கிப் படித்தாள். "கூடுதல் பொறுப்பு யாரு?" என்று கேட்டாள்.

"அஞ்சு நிமிசம்தானம்மா."

"அஞ்சு செகண்டுன்னாலும் அப்பா பதவி காலியா இருக்கக் கூடாது. யாராவது பொறுப்புல இருக்கணும். அந்த நேரம் உங்க சங்கிலியில நிக்கிற ஆளா இருக்கக் கூடாது. ஏற்கனவே அப்பாவா இருக்கிற ஆளும் கூடாது, ஒரே பதவி ரெண்டு தடவ குடுக்க முடியாது." அவள் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் விரல் வைத்தாள். "இதையும் படிச்சிருங்க."

பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு விதி இருந்தது. கால் மணி நேரத்துக்குள் பொறுப்பைத் திருப்பி ஒப்படைக்காவிட்டால் கூடுதல் பொறுப்பு நிரந்தரமாகும். அண்ணாச்சி அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஞானதிரவியத்தின் பெயரை எழுதினார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது நான் மெதுவாகக் கேட்டேன். "வேற ஆரையாவது பாப்பமா அண்ணாச்சி? பன்னெண்டு வருசமா பேசாத மனுசன்."

"அவன் திருப்பித் தர மாட்டாம்னு நான் எதுக்கு நெனைக்கணும்?" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டு, "அப்படியே தராட்டாலும் பிள்ளைக்கு வயிறு நெறஞ்சிருக்கும்லா," என்றார்.

படிவத்தில் கோமுவின் கையெழுத்தும் வேண்டும். அவள் முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் படித்தாள்.

"அஞ்சு நிமிசத்துல வந்துருவீங்கள்லாப்பா?"

"வந்துருவேன் தாயி."

அவள் கையெழுத்துப் போட்டாள்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்குச் சூப்பிரண்டு உத்தரவை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். ஞானதிரவியம் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். பொறுப்பு ஒப்படைக்கும்போது பட்டியல் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி அதை முந்தின நாளே ஒரு நோட்டுத் தாளில் எழுதி வைத்திருந்தார். மின்கம்பத்தின் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினார்.

"மகள் ஒன்று. பேத்தி ஒன்று, பெயர் இன்னும் வைக்கவில்லை. மகளுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, அரிப்பு வரும். மருமகன் வெள்ளிக்கிழமை போன் பண்ணுவார், சண்டை போட்டால் தலையிட வேண்டாம். அவள் அம்மாவைப் பற்றி அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ள வேண்டும், நாமாகப் பேசக் கூடாது. பயந்தால் இடது கைப் பெருவிரலை மடக்கிக்கொள்வாள். அதைப் பிரித்துவிட வேண்டும்."

ஞானதிரவியம் தாளை வாங்கிக்கொண்டார். "நான் தொட்டா சுருக்குங்குமே," என்றார்.

"அவகிட்டச் சொல்லிருக்கேன்."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஞானதிரவியம் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனார். நாங்கள் கைகோத்துக்கொண்டோம். அண்ணாச்சி எட்டாம் இடத்தில் வந்து நின்று, ஏழாவது ஆளின் கையைப் பிடித்தார். வரிசையாக இருந்த வீடுகளைப் பார்த்தார்.

"இன்னைக்கு எந்த வீடு?" என்று கேட்டார்.

பச்சைக் கதவு போட்ட வீடு என்று சொன்னேன்.

கதவு முழுவதுமாகத் திறந்தது. உள்ளே ஞானதிரவியம் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கோமு அவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

"அப்பா," என்றாள்.

"என்ன மக்களே," என்றார் அவர். இன்னொரு முறை சொன்னார்.

"பயமா இருக்குப்பா."

அவர் அவளுடைய இடது கையை எடுத்தார். மடக்கியிருந்த பெருவிரலைப் பிரித்துவிட்டார். அவளுக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும், தோள் குலுங்கியது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு," என்றாள். அந்த எட்டு நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"பிள்ளைய எடுத்துக்கோ," என்றார்.

அவள் எடுத்துக்கொண்டாள். பிள்ளை வாய் வைத்தது. ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. பிறகு முழுங்குகிற சத்தம் கேட்டது. பால் இறங்கினால் அந்த அறையில் வேறு எந்தச் சத்தமும் கேட்காது. பிள்ளை மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, அவசர அவசரமாக, கடவாயில் வழிய வழியக் குடித்தது. கோமு அழுதாள். மறுபக்கத்து மார்பிலும் ரவிக்கை நனைந்து இடுப்புவரை ஈரமாகிக்கொண்டிருந்தது.

நான் வட்டத்தில் நின்ற இடத்திலிருந்து வால்பகுதி நேராகத் தெரியும். அண்ணாச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடமாக மற்ற வீடுகளில் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. பிறகு பக்கத்தில் இருந்த ஒன்பதாவது ஆளிடம் தாழ்ந்த குரலில், "யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்," என்றார்.

என்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு கையையும் பிடித்திருந்தார்கள்.

ஐந்தாவது நிமிடம் எஸ்தர் வந்தாள். முதல் ஆளிலிருந்து தொடங்கி ஒன்பதாவது ஆள்வரை கையைப் பிரித்துவிட்டு, அவசரமாக அடுத்த தெருவுக்குப் போனாள். நாங்கள் வெளியே வந்தோம். சூப்பிரண்டு மட்டும் உள்ளே போய் ஒப்படைப்புத் தாளையும் பேனாவையும் ஞானதிரவியத்திடம் நீட்டினார்.

ஞானதிரவியத்தின் தோளில் பிள்ளை இருந்தது. குடித்து முடித்ததும் கோமு அவர் கையில் கொடுத்திருந்தாள். அவர் துணியை விரித்து, சுருக்கென்று படாமல் இருக்க உள்ளங்கையைப் படவிடாமல் முழங்கையால் தாங்கிக்கொண்டு, எழுந்து நின்று லேசாக அசைந்துகொண்டிருந்தார்.

"கையெழுத்து," என்றார் சூப்பிரண்டு.

"ஏப்பம் வரட்டும்," என்றார் ஞானதிரவியம்.

ஏழு நிமிடம் ஆனது. எட்டு நிமிடம் ஆனது. தெருவில் அண்ணாச்சி குழாயடியில் கால் கழுவிக்கொண்டு, அடுத்து எங்கே போக வேண்டும் என்று என்னிடம் கேட்டார். இன்னும் மனு வரவில்லை என்றேன். "இந்த வீட்டுல ஆம்பள யாரு? நல்ல மனுசரா இருக்காரு," என்றார். நான் சன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். ஞானதிரவியம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிள்ளை அவர் கழுத்தில் மூக்கை வைத்துத் தூங்கத் தொடங்கியிருந்தது. பதினோரு நிமிடம். சூப்பிரண்டு பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். அந்த மாதிரி நேரத்தில் அவசரப்படுத்த எங்கள் யாருக்கும் அதிகாரம் கிடையாது. கோமு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதின்மூன்றாவது நிமிடம் ஏப்பம் வந்தது. பெரிய ஏப்பம், தெருவரை கேட்டது.

ஞானதிரவியம் பிள்ளையைக் கோமுவின் மடியில் கிடத்தினார். போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை ஒருமுறை சரிசெய்தார். பிறகு சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

குழாயடியில் அண்ணாச்சி, "போற வழியில ஒரு டீ," என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். "குடிச்சாளா?" என்றார்.

"வயிறு முட்டக் குடிச்சா அண்ணாச்சி."

அவர் ஈரக்காலோடு உள்ளே ஓடினார். அந்தப் பதின்மூன்று நிமிடத்தில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. மகளைப் பார்த்தார், பேத்தியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஞானதிரவியத்திடம் திரும்பினார்.

"அழுதாளா?"

"கொஞ்சம். வெரல மடக்குனா. பிரிச்சு விட்டுட்டேன்."

"மொகம் எப்படி இருந்துச்சு?"

ஞானதிரவியம் யோசித்துப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு எட்டு முறை அவர் அப்பாவாக இருந்தார். சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. ஒரே உத்தரவைத் தினமும் புதுப்பித்துக்கொண்டால் போதும். அண்ணாச்சி எட்டாம் இடத்தில் நிற்பார், எந்த வீடு என்று கேட்பார், எஸ்தர் கையைப் பிரிப்பாள், கையெழுத்து ஆகும். முதல் நாளுக்குப் பிறகு ஞானதிரவியம் ஒருநாளும் ஒன்பது நிமிடத்தைத் தாண்டவில்லை. அது முடிந்ததும் இருவரும் டீக்கடைப் பெஞ்சில் போய் உட்காருவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் நடந்ததை ஞானதிரவியம் சொல்லுவார், அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளை எந்தக் கையை அசைத்தது, கோமு என்ன பேசினாள், எப்போது கொட்டாவி விட்டாள் என்று எல்லாம் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆகும். அண்ணாச்சிதான் டீ டம்ளரை வாங்கி அவர் கையில் கொடுப்பார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சுருக்கென்று இருக்கும், கொஞ்சம் டீ சிந்தும்.

ஒருநாள் ஞானதிரவியம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு காரியம் நடந்துபோச்சு," என்றார். நானும் அப்போது கடையில் இருந்தேன். "பிள்ளைக்கு என்ன பேருப்பா வைக்கன்னு கேட்டா. நான் பொறுப்புல இருந்தேன்லா, வாயில வந்தத சொல்லிட்டேன். அவளும் சரின்னுட்டா."

"என்ன பேரு?"

"பவளம்."

அண்ணாச்சி வெகுநேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு பெயர் தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் இருந்தது எனக்குத் தெரியும். மூன்று நாளைக்கு முன்னால்தான் என்னிடம் காட்டினார், அவருடைய மனைவியின் பெயர்.

"நல்ல பேரு," என்றார். "நானும் அதத்தான் நெனச்சு வச்சிருந்தேன்."

ஞானதிரவியம் அவர் முகத்தைப் பார்த்தார். "நெசமாவா?"

"பின்ன?"

மறுநாள் கோமுவிடம் நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்றாள். அதன்படி பிறப்புச் சான்றிதழில் இரண்டு பெயரும் ஏறின. அதற்குக் கீழே வகை என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு அப்பாக்களும் தலையை முட்டிக்கொண்டு படித்தார்கள்.

அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் ரயில் நிலையத்திலிருந்து மனு வந்தது. நிறைமாதமாக இருந்த இரண்டாம் நடைமேடைக்கு நாள் தள்ளிப்போய்விட்டதாகவும், இன்னும் வலி எடுக்கவில்லை என்றும் ஸ்டேஷன் மாஸ்டர் எழுதியிருந்தார். நாங்கள் ஒன்பது பேரும் கைகோத்துப் போய் அதன்மேல் ஏறி நின்றோம். ஐந்து நிமிடத்தில் எஸ்தர் வந்தாள். நாங்கள் மறுபடி கைகோத்தோம். இப்படி நாலு தடவை. பதினொன்றரை மணிக்கு வலி எடுத்தது. பயணிகளை முதலாம் நடைமேடைக்குப் போகச் சொன்னார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், எருக்கஞ்செடி ஓரத்தில், மத்தியானத்துக்குள் மூன்றாம் நடைமேடை பிறந்தது. ஒன்றரை அடி நீளம் இருந்தது. விளிம்பில் மஞ்சள் கோடுகூடச் சரியாக விழுந்திருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அதன்மேல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, செங்கோட்டைப் பாசஞ்சரைக் கொஞ்சம் சத்தமில்லாமல் வரச் சொன்னார்.